இரண்டடி நான்கு அங்குலம்

நாற்காலிகளைச் சமையலறையில் போடச் சொன்னான் சமாளி.

வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே இருந்தது வெறும் மண் மனை. மூலைக்கு மூலை மூங்கில் கம்புகள், கம்புக்குக் கம்பு மஞ்சள் நைலான் கயிறு. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அவர் முழிப்பதைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது சமாளிக்கு உறைத்தது. இடது பக்க மூலையில் போடுங்கள் என்று திருத்தினான். சமையலறை நிரம்பியது. மிச்ச நாற்காலிகள் கூடத்துக்குப் போயின.

மணி பதினொன்று பத்து. அக்கா இறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

மனைக்கு இடப்புறம் அவள் வாடகைக்கு இருந்த வீடு. அதன் முன்னறையில், படம் வரையும் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவளைக் கிடத்தியிருந்தார்கள். அந்த அறை பத்துப் பேருக்கு மேல் தாங்காது. வந்தவர்கள் தெருவுக்கு வழிந்தார்கள், தெருவிலிருந்து இந்த மனைக்கு வழிந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நகரசபை சர்வேயர் வருவார். ஒரு மணிக்கு அவளை ஏற்றிப் போக வண்டி வரும். இந்த இரண்டில் சமாளி அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தது பன்னிரண்டு மணிக்காகத்தான். நீயெல்லாம் ஒரு தம்பியா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். கேட்ட பிறகும் கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

அண்ணாந்து பார்த்தான். மனையின் நடுவில் உயரமான இரண்டு கம்புகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்துக் கட்டிய கயிறு. வரப்போகும் வீட்டின் கூரை முகடு அது. இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டடி நான்கு அங்குலம் கீழே இருந்தது.

அது அவனுக்குத் தெரியும். கொத்தனாருக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் ஐந்தே முக்காலிலிருந்து அக்காவுக்கும் தெரியும்.

அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே அகலம், இருபத்துநான்கு அடி. எல்லாவற்றுக்கும் தெருவைப் பார்த்த முக்கோண நெற்றி, ஒடுக்கமான உயர ஜன்னல்கள், வாசலில் மூன்று படி. ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டு நிற்கிற வீடுகள். நடுவில் இருந்த பழைய ஐஸ் கம்பெனியை இடித்த பிறகு, வரிசையில் ஒரு பல் விழுந்தாற்போல் இந்த மனை மட்டும் பொக்கையாகக் கிடந்தது.

இப்படிப்பட்ட தெருவில் புது வீடு நுழைய வேண்டுமென்றால், அதன் எலும்புக்கூட்டை முதலில் கம்பும் கயிறுமாக நிறுத்திக் காட்ட வேண்டும். பதினான்கு நாள். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்காம் நாள் சர்வேயர் வந்து, கயிறும் வரைபடமும் ஒன்றுதானா என்று அளப்பார். ஒன்றென்றால் அனுமதி. இல்லையென்றால் மனு ரத்து, ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

பழைய தெருக்களில் புது வீடு கட்டுவதையே அக்கா இருபது வருஷமாகத் தொழிலாக வைத்திருந்தாள். நகரசபையில் அவளுக்குப் பெயர் நூலம்மா. அவள் கட்டுகிற கயிறு அரை அங்குலம்கூடப் பிசகாது. வாடிக்கையாளர்கள் வந்து, எல்லார் கண்ணும் படுகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று கேட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாள். "பஸ்ஸுல ஏறினா பக்கத்து சீட்டுக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லி உட்காரலாம். மடியில உட்காரக் கூடாது" என்பாள். புது வீட்டுக்கும் அதுதான் மரியாதை என்பது அவள் கட்சி.

அவளிடம் கட்டட வேலை பார்த்த தம்பிக்குச் சமாளி என்று பெயர் வைத்ததும் அவள்தான். சுவர் விரிசல் விட்டாலும் சரி, மணல் வராவிட்டாலும் சரி, அவன் வாயிலிருந்து முதலில் வருவது சமாளிச்சுக்கலாம் என்கிற ஒரே வார்த்தை. இப்போது பெண்டாட்டியைத் தவிர எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இந்த வீடு வாடிக்கையாளருக்கு அல்ல. கீழே அக்கா, மேலே சமாளியின் குடும்பம். நாற்பத்தெட்டு வயதுவரை அடுத்தவர்களுக்கு வீடு வரைந்தவள் தனக்கென்று வரைந்த முதல் வீடு. மனை முப்பது அடி அகலம், மற்ற வீடுகளைவிட ஆறடி கூடுதல். கூரையின் சாய்வு தெருவோடு ஒத்துப்போக வேண்டுமென்றால், அந்த ஆறடிக்காக முகடு இரண்டடி நான்கு அங்குலம் எழும்பியே ஆகவேண்டும். எழும்பினால் வலது பக்கத்து டீச்சர் வீட்டுக் கூரையில் துருத்திக்கொண்டிருக்கும் மேற்கு ஜன்னலுக்குக் குறுக்கே வரும். டீச்சர் ரிட்டயர் ஆனவர். அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவார். அவருடைய சாயங்காலம் முழுக்க அந்த ஜன்னலில் இருந்தது.

சாய்வைக் கொஞ்சம் படுக்க வைத்துவிடலாமே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சமாளி கேட்டான். "தெருவே கவனிக்கும். ஏன்னு தெரியாமலே கவனிக்கும்" என்றாள் அக்கா. டீச்சரிடம் தானே போய்ப் பேசுவதாகவும் சொன்னாள். அதற்குள் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்ற உத்தரவோடு வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். கம்பு நடும் நாளும் வந்துவிட்டது.

சமாளி சமாளித்தான். கம்பின் உச்சியில் சரியான உயரத்தில் ஆணி அடித்தான். கயிற்றை மட்டும் கீழே கட்டினான், டீச்சர் ஜன்னலுக்கு வெளிச்சம் பாக்கி இருக்கிற மாதிரி. பதின்மூன்று நாளில் டீச்சர் கையெழுத்துப் போட்டுவிடுவார். பதினான்காம் நாள் காலையில் சர்வேயர் வருவதற்கு முன்னால் கயிற்றை ஆணிக்கு ஏற்றிவிட்டால், அவர் அளக்கும்போது அளவு வரைபடத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். வீடு எழும்பிய பிறகு யார் ஏணி போட்டு ஏறிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் டீச்சர் கையெழுத்துப் போடவில்லை. பதினாலு சாயங்காலமும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன் என்றுவிட்டார். பதினான்காம் நாள் காலையில் கயிற்றை ஏற்ற வேண்டியவனோ ஆஸ்பத்திரி வராந்தாவில், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"ஏங்க."

மனைவி வேலியோரம் நின்று கூப்பிட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உள்ளே அக்காவைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

"அண்ணி உள்ளங்கையில ஏதோ எழுதியிருக்குங்க. ரெண்டு, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் நாலு. மார்க்கர் பேனா. சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போகல. யாருக்காவது தகவல் சொல்லச் சொல்லி எழுதி வெச்சாங்களோ?"

"இல்ல. அளவு. எப்பவும் கையிலதானே எழுதுவா."

"ரெண்டு வாரமா படுக்கையில இருந்தவங்க எதை அளந்தாங்க?"

ஒரு நாற்காலியை எடுத்து, இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டான்.

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போயிடும்னு எதிர்வீட்டம்மா சொல்றாங்க" என்றாள் அவள்.

"வேண்டாம். அழிக்காதே."

அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் கூட இருந்தவள். அவன் சமாளிக்கும் முகம் எது, சமாளிக்க முடியாத முகம் எது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். கேட்காமல் போனதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

நேற்றுச் சாயங்காலம் அக்கா எழுந்து வந்தது யாரும் எதிர்பார்க்காத விஷயம். அதுவரை தன் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் கம்பை மட்டும்தான் பார்த்திருந்தாள். பக்கவாட்டில் பார்த்தால் சாய்வு தெரியாது. மெல்ல நடந்து தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றாள். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, டீச்சர் வீட்டுக் கூரையோடு ஒட்டவைத்தாள். பிறகு சாய்வு மாறாமல் அப்படியே நகர்த்தித் தன் கயிற்றின் மேல் வைத்தாள்.

"டேய், சாய்வு படுத்திருக்கே."

கயிறு தொய்ந்திருக்கும் என்றான்.

"தொய்ஞ்சா நடுவுல தொய்யும். கம்புகிட்ட எப்படித் தொய்யும்?"

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவள் ஏணியை எடு என்றாள். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினான். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அவளுக்குக் குரலை உயர்த்தத் தெரியாது, ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்லத்தான் தெரியும்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். நான்தான் இறக்கிக் கட்டினேன் அக்கா. அதைச் சொல்லியிருந்தால் அவள் ஏறியிருக்க மாட்டாள். திட்டியிருப்பாள், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள். சமாளி அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. ஏணியை எடுத்து வந்து கம்பில் சாய்த்தான். அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். அவன் கீழே நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

மேலே அளவு நாடா இழுபடும் சத்தம் கேட்டது. ஆணியைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்து கயிறுவரை அளந்தாள். கையில் எழுதினாள். இறங்கி வந்து செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"ரெண்டு அடி நாலு அங்குலம்."

அவ்வளவுதான் சொன்னாள். தவறிக் கட்டியதென்றால் எந்த எண்ணாகவும் இருக்கலாம். இந்த எண் தவறி வருகிற எண் இல்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, கயிற்றையும் பார்க்கவில்லை, தண்ணீர் கேட்டாள். அவன் பாட்டிலோடு ஓடி வந்தபோது செங்கல் மேல் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் விடியும்வரை கண் திறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அவன் சொன்னது, உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தா, அப்படியே சாஞ்சிட்டா என்பதுதான்.

"அண்ணே."

கொத்தனார் காதோரம் வந்து நின்றார். பதினைந்து வருஷமாகச் சமாளியோடு வேலை பார்க்கிறவர், முகடுக் கயிற்றைக் கட்டியதில் பாதிப் பங்கு அவருடையது. கையில் மடித்த நீலத் தார்ப்பாய். மணி பதினொன்று இருபத்தைந்து.

கூட்டத்துக்கு வெயில் உறைக்கிறது என்று சொல்லி, தார்ப்பாய் கட்டுகிற சாக்கில் ஏறிவிடலாம் என்பது அவருடைய யோசனை. ஏறிக் கயிற்றை ஆணிக்குத் தூக்கிவிட்டு, கீழே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேலே என்ன நடந்தது என்றே தெரியாது. சர்வேயர் வந்தால் அளவு சரியாக இருக்கும்.

"டீச்சர்?" என்றான் சமாளி.

"அவங்க இன்னும் வீட்டை விட்டே வரல. வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்ணே. நூலம்மா பேரு கெட்டுப்போகக் கூடாதுல்ல? ரத்துன்னு எழுதிட்டா, அவங்க திருட்டுக் கயிறு கட்டினாங்கன்னுதானே ஊர் பேசும். செத்தவங்க வந்து இல்லைன்னு சொல்லவா போறாங்க."

அதில் இருந்த நியாயம் சமாளியை அசைத்தது. ஏணி அக்கா வீட்டுச் சுவரோரம்தான் கிடந்தது. தலையை ஆட்டினான். கொத்தனார் ஏணியைத் தூக்கி முன் கம்பில் சாய்த்தார். முதல் படியில் கால் வைத்தார்.

வலது பக்கத்து வீட்டின் கதவு திறந்தது. டீச்சர் மூன்று படியும் இறங்கி, நேராக மனைக்குள் வந்து, ஏணிக்கு இரண்டு அடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வரைபடத்தில் அது அக்காவின் படுக்கையறை.

கொத்தனார் காலை எடுத்துவிட்டார். தார்ப்பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏணி நன்றாக நிற்கிறதா என்று பார்ப்பவர்போல் ஆட்டிப் பார்த்தார்.

டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். பூகோளம் நடத்தியவர். பேசினால் வகுப்பில் பேசுவது போலவே, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பேசுவார். இன்று குரல் தாழ்ந்திருந்தது. சமாளியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அக்காவை முதல் நாளிலேயே தான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டதாகச் சொன்னார். வெளிச்சத்தைத் திருட வந்தவள் என்றுகூடச் சொல்லிவிட்டாராம். அவள் கட்டிலில் படுத்தபடி, சரி டீச்சர், எழுந்து வந்து பேசறேன் என்று மட்டும் சொன்னாளாம்.

"பதிமூணு சாயங்காலம் பார்த்தாச்சு தம்பி. ஒரு நாள்கூட என் வெளிச்சம் குறையல. அவ கை வெக்கவே இல்ல. நான்தான் கிழம், நாக்கை அடக்கத் தெரியல. காகிதத்தைக் குடு. பதினாலாவது சாயங்காலம் எனக்கு வேண்டாம்."

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிழை திருத்தும் சிவப்புப் பேனா. அது சரிப்படாது என்று திரும்ப வைத்துவிட்டு, நீலத்தைத் தேடினார்.

மற்ற வீட்டார் கையெழுத்தோடு காகிதம் சர்வேயரிடம் போய்விட்டது என்றான் சமாளி. சொல்லி வாயை மூடவில்லை, தெருமுனையில் சர்வேயரின் ஸ்கூட்டர் தெரிந்தது. இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்.

ஸ்கூட்டரை நிறுத்தியவர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முன்னறைக்குள் போய், ஐந்து நிமிஷம் கழித்து வந்தார். தோளில் அளவு நாடாப் பை அப்படியே தொங்கியது. அதைத் திறக்கவில்லை.

சமாளியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். வேலையில் சேர்ந்த புதிதில் எந்தக் கயிற்றை எங்கிருந்து அளப்பது என்று தனக்குச் சொல்லிக் கொடுத்ததே நூலம்மாதான் என்றார். அவர் கட்டிய கயிற்றை, அவரைப் பக்கத்தில் கிடத்தியிருக்கும்போது, தான் நாடாவை நீட்டி அளந்தால் அதைவிட அவமரியாதை வேறில்லை என்றார்.

"அளந்தேன், சரியா இருக்குன்னு எழுதிடறேன் சார். பக்கத்து வீட்டுக் கையெழுத்து மட்டும் பாக்கி. அதை வாங்கிட்டா முடிஞ்சது."

கிளிப் அட்டையை டீச்சரின் மடியில் வைத்தார். எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார்.

பன்னிரண்டு மணியைக் கண்டு காலையிலிருந்து நடுங்கியது இதற்காகவா என்று தோன்றியது சமாளிக்கு. ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கையெழுத்து விழும், அனுமதி வரும், வீடு எழும்பும். அக்கா வரைந்த அதே வீடு, அதே சாய்வு, ஓர் அங்குலம் குறையாமல். அவள் பெயரும் பிழைக்கும். ஒரு வருஷம் கழித்து டீச்சர் ஜன்னலில் இருட்டினால், வயதாகிவிட்டது, கண் மங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். கொத்தனார் பின்னால் வந்து நின்று அவன் முழங்கையை அழுத்தினார். பேசாதே என்பதற்கு அத்தனை தெளிவான மொழி வேறில்லை.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். விரல் வரிக்கு வரி இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது. ஏதோ எழுத்துப் பிழை. தலையை ஆட்டினார், விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. கடைசி வரிக்கு வந்தது. பேனா காகிதத்தைத் தொட்டது.

"டீச்சர், ஒரு நிமிஷம்."

தன் குரல்தான் என்பது அவனுக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. முழங்கையில் இருந்த பிடி இறுகியது. அவன் கையை உதறி விடுவித்துக்கொண்டு எழுந்தான்.

"சார், அளங்க."

எதற்கு சார் இந்த நேரத்தில் என்று சர்வேயர் இழுத்தார்.

"அளந்தா ரெண்டு அடி நாலு அங்குலம் குறையும். கயிறு தப்பான இடத்துல இருக்கு. கட்டினது நான். அக்காவுக்குத் தெரியாது." ஏணியைப் பார்த்தான். "நேத்து வரைக்கும் தெரியாது."

சமையலறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு கூடத்தில் நிறுத்தினார்கள். வீடாக இருந்தால் சுவர்கள் கொஞ்சம் மறைத்திருக்கும். இங்கே எல்லா அறையிலிருந்தும் எல்லா முகமும் அவனைப் பார்த்தன. முன்னறை வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள்.

டீச்சர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பவர்போல் கேட்டார்.

"அப்ப என் ஜன்னல்?"

"மறைக்கும் டீச்சர்."

"எவ்வளவு?"

"தெரியல. அதையெல்லாம் அவதான் கணக்குப் போடுவா."

சர்வேயர் கிளிப் அட்டையை எடுத்துக்கொண்டார். அவர் முகம் வாடியிருந்தது. காதில் விழாத மாதிரி இருந்துவிட முடியாது, இத்தனை பேர் நடுவில் சொன்ன பிறகு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். மனு ரத்து, ஒரு வருஷம். சமாளியின் கட்டட லைசென்சுக்கும் கேள்வி வரும்.

"எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க. அவ பேரு வர வேண்டாம்."

எழுதினார். வெகு நேரம் எழுதினார். அந்த நேரத்தில் சமாளி ஏணியை நிமிர்த்தி, முன் கம்பில் அழுத்தமாகச் சாய்த்தான். ரத்து என்று ஆன பிறகு எதற்கு ஏறுகிறீர்கள் என்று சர்வேயர் தலை நிமிராமலே கேட்டார். சமாளி செருப்பைக் கழற்றினான்.

நான்கு படி ஏறியதும் ஏணி லேசாக ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தான். மனைவி பிடித்திருந்தாள். கண்ணாடி போட்ட எதிர்வீட்டம்மா அவளை விலகி வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் விலகவில்லை.

"நேத்து அக்கா இதுல ஏறினா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்தி, ஏணியின் காலை மண்ணில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவன் ஏறினான்.

ஆணி அங்கே இருந்தது, பதின்மூன்று நாளில் சற்றுத் துருவேறி. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவனே போட்ட முடிச்சு, லேசில் அவிழாது. பல்லால் கடித்து இழுத்தான். பின்னால் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. திரும்பினான். கொத்தனார், யாரையோ அல்லது எதையோ திட்டிக்கொண்டே, இன்னொரு ஏணியைப் பின் கம்பில் சாய்த்து ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு முனையிலிருந்தும் கயிறு ஒன்றாக மேலேறியது. ஆணிக்கு வந்ததும் சுற்றி இறுக்கினான்.

சரிவுக் கயிறுகள் இரண்டும் அதோடு சேர்ந்து விறைத்தன. இத்தனை நாள் கூனிக்கொண்டு நின்ற முக்கோணம் நிமிர்ந்தது. தெருவில் நின்ற கூட்டத்தில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தவரைப் பார்த்து இன்னொருவர் பார்த்தார். இடப்பக்கத்துக் கூரை, மஞ்சள் கயிறு, வலப்பக்கத்துக் கூரை என்று கண்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின.

தெருமுனையில் வண்டி திரும்பியது. அதுவும் முன்னதாகவே வந்துவிட்டது. குறுகலான தெருவில் பின்புறமாக மெல்ல மெல்ல வந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம். உள்ளே யாரோ வாய்விட்டு அழ ஆரம்பித்தார்கள். இறங்க வேண்டும். தூக்குகிற நான்கு பேரில் அவன் ஒருவன். ஒரு காலைக் கீழ்ப் படிக்கு இறக்கினான்.

படுக்கையறை நாற்காலி காலியாக இருந்தது. டீச்சரைக் காணவில்லை. அவர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

வலப்பக்கத்துக் கூரையில் ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. சமாளி அப்படியே நின்றான். ஏணியின் உச்சியில் அவன் முகமும் ஜன்னலில் அவர் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. நடுவில் பதினைந்து அடி காற்றும் கயிறும் மட்டும். டீச்சர் அவனைப் பார்க்கவில்லை. மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வலது கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரல்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய முடிச்சின் தடத்திலிருந்து புதுக் கயிறுவரை அளந்தார். சூரியன் இறங்க ஒரு விரலுக்குக் கால் மணி நேரம் என்பது பூகோளப் பாடக் கணக்கு; எத்தனை விரலோ அத்தனை கால் மணி அவருடைய சாயங்காலத்தில் குறையும்.

ஒரு விரல். இரண்டு. மூன்று.

வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். கீழே அவன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள், பட்டப் பெயரை அல்ல, நிஜப் பெயரை. டீச்சர் நான்காவது விரலைக் கயிற்றுக்கு மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார், மறுபடி மேலே கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.